பூட்டிக் கிடந்த வாரிய வீட்டுக்கு எது உழைக்கும்? பழுதுபார்ப்புப் பொருட்கள் பற்றி ஒரு மதிப்புரை

சாவி கொடுக்கிற அன்றைக்கு எல்லா வாரிய வீடும் அழகாகத்தான் இருக்கும். சுவரில் புதுப் பெயின்ட் வாசனை, குழாயில் பளபளப்பு, கதவில் புதுத் தாழ்ப்பாள். மேல் வீட்டுக்கும் ஒரு குடும்பம் வந்து குளிக்கத் தொடங்கி, ஒரு ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால்தான் உள்ளே என்ன வேலை நடந்தது என்பது தெரியும். இங்கே பொருட்களை எடை போட்டிருப்பது அந்த இரண்டாவது பார்வையில்.

எந்த வீடு என்பதைச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் காலியாகி, பூட்டிக் கிடந்து, மறுபடி ஒதுக்கப்படும் வீடுகள். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது 2021-ல் பெயர் மாறியது. ஊர்வாயில் இன்னும் ‘ஹவுஸிங் போர்டு’தான். நானூறு சதுர அடிக்குள் அடங்கும் வீடு, காங்கிரீட் தளம், ஒரே நெட்டில் கீழிருந்து மேல்வரை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கழிப்பறைகள். கடற்கரைப் பக்கமோ சதுப்பு நிலத்துப் பக்கமோ இருந்தால் உப்புக்காற்றும் ஈரமும் இலவசம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லலாம். காசில் பெரும்பகுதி கழிப்பறைத் தரைக்கும் துருப்பிடித்த கம்பிக்கும் போக வேண்டும். பெயின்ட்டுக்கு மிச்சம் இருந்தால் போதும். நடைமுறையில் நடப்பது நேர்த் தலைகீழ், ஏனென்றால் பெயின்ட் போட்டோவில் தெரியும்.

இன்னொன்று, எந்த டப்பாவிலும் எழுதியிருக்காதது: கதவு எண் பார்த்துப் பழுது பார்க்காதீர்கள், நெட்டு பார்த்துப் பாருங்கள். 304-ன் கூரை என்பது 404-ன் கழிப்பறைத் தரை. 404 பூட்டிக் கிடக்கும்போது 304-ஐ மட்டும் சரிசெய்து குடிவைத்தால், 404-க்கு ஆள் வந்த மறுமாதமே 304-ல் புது பட்டி உப்பிக்கொண்டு விழும். காலி வீடுகளை வாடகைக்கு விடுவதற்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில்கூட, வீட்டை எடுத்து நடத்துபவரே பழுதும் பார்த்து, குடிநீர், கழிவுநீர் குறைகளையும் சரிசெய்த பிறகுதான் ஆள் வைக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த வரிசை சரியான வரிசை.

எந்தப் பொருளுக்கும் மசியாத கட்டடமும் உண்டு. 2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். தூணில் நெடுக விரிசல் ஓடினாலோ, உத்தரமும் தூணும் சேருமிடத்தில் கம்பி தெரிந்தாலோ, கதவுச் சட்டம் திடீரென்று இறுகினாலோ கடைக்குப் போகாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கட்டும். கீழே சொல்வதெல்லாம் தூண் நன்றாக இருக்கிற வீட்டுக்கு.

கூரைக் கம்பி

அடுப்படி, கழிப்பறை இரண்டின் கூரையையும் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமன் ஊதும். அந்த உந்தலில்தான் காங்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்கிறது. தளத்தின் அடியில் கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், குறைந்தது 20 மி.மீ. பல இடத்தில் பத்துகூட இருக்காது, கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டை வைக்காமல் வார்த்திருப்பார்கள்.

உடைத்த புது முகத்தில் பினாப்தலீன் கரைசல் தெளித்தால் விஷயம் வெளியே வரும். பள்ளி ஆய்வகத்துப் பொருள்தான், விலையும் சொற்பம். ரோஜா நிறம் வந்தால் காங்கிரீட்டில் காரம் இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறமே வராமல் கம்பி ஆழம்வரை வெளுத்துக் கிடந்தால், அந்தப் பகுதியில் பாதுகாப்பு போய்விட்டது. துரு தெரியாத கம்பியும் வரிசையில் நிற்கிறது. உப்பு ஏறியதை இந்தச் சோதனை காட்டாது. கடலோரத்தில் ரோஜா நிறம் வந்தாலும் துரு இருக்கலாம்.

வேலை இப்படி. முட்டுக் கொடுங்கள். வட்டம் போட்ட இடத்தைத் தாண்டி நல்ல கம்பி தெரியும்வரை உடையுங்கள். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் இடைவெளி, 20 மி.மீ. அளவு வேண்டும். இதைச் செய்யாமல் முன்பக்கம் மட்டும் சுரண்டிப் பூசுவதுதான் பத்துக்கு எட்டு வேலை. பின்பக்கத் துரு தன் வேலையைத் தொடரும். கம்பி பிரஷ் போட்டு உலோக வெளுப்பு தெரியும்வரை தேயுங்கள். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 395 கிராம் இருக்க வேண்டும். விட்டத்தை அளந்து 7 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி, இருபுறமும் 400 மி.மீ. மேல்படிய வைத்துக் கட்டுங்கள்.

துரு மாற்றித் திரவம்: சுமார். மெல்லிய படலத் துருவைக் கறுப்பாக்கி நிறுத்தும், அவ்வளவுதான். செதிலாக நிற்கும் துருவின் மேல் அடித்தால் செதிலோடு சேர்ந்து விழும். தேய்க்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு இது ஒரு சாக்காகிவிட்டது.

துத்தநாக எபாக்ஸி பிரைமர்: வாங்குங்கள். சுத்தம் செய்த கம்பிக்கு மட்டும், அன்றைக்கே. ஒட்டுப்போட்ட இடம் நன்றாகி, அதை ஒட்டிய பழைய காங்கிரீட்டில் வளையம்போலப் புதுத் துரு கிளம்புவது பழைய கட்டடங்களின் சாபம். துத்தநாகம் தன்னைக் கொடுத்து அக்கம்பக்கக் கம்பியைக் கொஞ்சகாலம் காக்கும். ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது ஒரு சின்ன டப்பாதான்.

எஸ்பிஆர் லேட்டக்ஸ் (சிமென்ட் கலவையில் சேர்க்கும் செயற்கை ரப்பர் பால்): இந்த வேலைக்கு இதுதான் முதுகெலும்பு. கலவையில் சிமென்ட் எடையில் 10 முதல் 20 சதவீதம், அதாவது ஒரு மூட்டைக்கு 5 முதல் 10 கிலோ. சிமென்ட்டும் மணலும் 1:3. ஒட்டுப்பூச்சாக அடிக்கும்போது லேட்டக்ஸும் தண்ணீரும் சமமாகக் கலந்து, பிரஷ்ஷில் இழுபடும் பதத்துக்குச் சிமென்ட் சேர்த்துக்கொள்ளலாம். கெட்டுப்போவது இரண்டு இடத்தில். முதலாவது, ஒட்டுப்பூச்சை அடித்துவிட்டு டீ குடிக்கப் போவது. விரலில் பிசுபிசுக்கும்போதே கலவையை ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் கால்மணி நேரம்தான் கெடு. காய்ந்த லேட்டக்ஸ் படலம் ஒட்டாது, பிரிக்கும். ஒன்றும் அடிக்காமல் இருந்திருந்தால் நன்றாக ஒட்டியிருக்கும் என்கிற அளவுக்கு. இரண்டாவது, ஏழு நாள் தண்ணீர் விடுவது. சாதாரணப் பூச்சுக்கு அது புண்ணியம். பாலிமர் கலவைக்கு ஒருநாள் ஈரச்சாக்கு, பிறகு காற்று. உலர்ந்தால்தான் உள்ளே பாலிமர் படலம் கூடும். கொத்தனாரிடம் இதைச் சொன்னால் முறைப்பார். சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓரிரு சதுர அடிக்கு மேல் கூரை பெயர்ந்திருந்தால் மூட்டையாக வரும் ரெடிமேட் ரிப்பேர் மார்ட்டர் நல்லது. நார் கலந்தது, கூரையில் தொங்கும்போது வழியாது. விலை மணலும் சிமென்ட்டும் போல வராது, பல மடங்கு. தண்ணீரை மட்டும் லிட்டர் அளவையில் ஊற்றுங்கள், ‘கைப்பதம்’ இங்கே உதவாது. தடிமன் அதிகமென்றால் இரண்டு மூன்று தவணையாக ஏற்றுங்கள். ஒரே ஏற்றாக 40 மி.மீ. ஏற்றினால் அன்றிரவே தன் பாரத்தில் இறங்கிவிடும்.

கழிப்பறைத் தரை

பூட்டிக் கிடப்பது கசிவை ஒளித்துவைக்கும். இரண்டு வருடம் யாரும் தண்ணீர் ஊற்றாததால் கீழ் வீட்டுக் கூரையில் கறை காய்ந்து, மஞ்சள் வட்டமாக மட்டும் நிற்கும். ‘இப்போது ஒழுகவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். காய்ந்த கறையை ஆறின புண் என்று நம்பக் கூடாது.

ஆகவே ஒரு டைல்ஸைக்கூடப் பெயர்க்காமல் முதலில் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். தரையில் தண்ணீர் வடியும் நாணி ட்ராப்பின் வாயை ரப்பர் பிளக்காலோ துணி சுற்றிய கட்டையாலோ அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர், 48 மணி நேரம். சுவரில் பென்சில் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. இரண்டிலும் ஒரே அளவு இறங்கினால் ஆவியானது. தரையில் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. கீழ் வீட்டுக் கூரையில் எந்த இடத்தில் முத்து முத்தாக வருகிறது என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை: குழாயைச் சுற்றி வந்தால் துளை, சுவரோரம் வந்தால் மூலை, நடுவில் வந்தால் தளமே.

குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடம்தான் முதல் குற்றவாளி. பிவிசி குழாயின் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. சுருங்கிய உடனே முடி அளவு இடைவெளி விட்டுவிடும். குழாயைச் சுற்றி இரண்டு அங்குல ஆழம் கொத்தி, குழாயை உப்புத்தாளால் தேய்த்து, பிவிசி பசை தடவி அதன்மேல் சொரசொரப்பான மணலைத் தூவி ஒட்டவிடுங்கள். காய்ந்தபின் சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் சிமென்ட் கூழ்) ஊற்றுங்கள். மணல் தூவும் இந்தத் தந்திரத்துக்கு ஒரு கைப்பிடி மணல்தான் செலவு. எந்த விலையுயர்ந்த பூச்சையும்விட இது அதிகம் காப்பாற்றுகிறது.

அதன்மேல் இரண்டு பாக அக்ரிலிக் சிமென்ட் பூச்சு. வாட்டர்ப்ரூஃப் பொருட்களில் எங்கள் முதல் தேர்வு இதுதான். ஈரமான காங்கிரீட்டிலும் பிடிக்கும், கொத்தனாரே அடிக்கலாம், மேலே டைல்ஸ் கலவை ஒட்டும். நாலுக்கு ஆறு அடி கழிப்பறை என்று வையுங்கள். தரை 24 சதுர அடி, சுற்றிலும் ஒரு அடி உயரம் ஏற்றினால் 20, குளிக்கிற பக்கச் சுவரில் இன்னும் ஐந்து அடி ஏற்றினால் மேலும் 20. மொத்தம் 64 சதுர அடி, கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. ஆக 6 முதல் 9 கிலோ. ‘மூன்று கிலோவில் முடித்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் சுவரில் ஏற்றவில்லை அல்லது இரண்டாம் கோட் இல்லை. அடிக்கும் முன் மூலைகளைச் செங்கோணமாக விடாமல் கலவையால் உருட்டிவிட்டு, அதில் நார்வலை பதியுங்கள். முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. காய்ந்தபின் மறுபடி 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை, டைல்ஸ் போடும் முன்னால். டைல்ஸ் போட்டபின் சோதித்துக் கசிந்தால் யார் காசில் உடைப்பது என்ற சண்டைதான் மிஞ்சும்.

கலவையில் ஊற்றும் வாட்டர்ப்ரூஃப் திரவம், மூட்டைக்கு 200 மி.லி. என்று வருவது: பூச்சுக்குச் சேர்க்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் விரிசலை அது மூடாது. அதை மட்டும் ஊற்றிவிட்டுக் கழிப்பறைக்கு வாட்டர்ப்ரூஃப் செய்தாகிவிட்டது என்று பில் போடுவது பகல்கொள்ளை. எபாக்ஸி டைல்ஸ் கிரவுட்: நல்ல பொருள், கறை பிடிக்காது, அடியில் ஈரம் இருக்கும் தரையில் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பூட்டிவிடும். டைல்ஸ் மேல் தெளிக்கும் ஒளிபுகும் ஸ்ப்ரே: பூஜ்யம். பாலியூரித்தேன் பூச்சு: மொட்டைமாடிக்கு அருமை, முழுக்கக் காயாத கழிப்பறைத் தரையில் கொப்புளம் போடும்.

பள்ளத் தளமாக வார்த்து உள்ளே செங்கல் உடைசல் நிரப்பிய கழிப்பறையென்றால் அந்த உடைசல் முழுவதையும் அள்ளி வெளியே போடுங்கள். பஞ்சுபோல மாதக்கணக்கில் தண்ணீர் வைத்திருக்கும். பூச்சு அடிக்க வேண்டியது பள்ளத்தின் அடியிலும், நிரப்பிய பிறகு மேலேயும், இரண்டு இடத்தில். தரைச்சாய்வு அடிக்குக் கால் அங்குலம், ட்ராப்பை நோக்கி.

பூச்சு, மணல்

புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பு நினைவிருக்கும். 2021 ஆகஸ்டில், புதுக் கட்டடத்திலேயே விரலால் சுரண்டினால் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது; சென்னை ஐஐடி நிபுணர்களை அழைத்து ஆய்வு செய்தார்கள். காலி வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் அதே சுரண்டல்தான். ஒரு ஆணியை எடுத்து அறைக்கு ஐந்து இடத்தில் கீறுங்கள். கோடு மட்டும் விழுந்தால் விடுங்கள். பொடி கொட்டினால் அந்தச் சுவரைச் செங்கல்வரை உரிக்க வேண்டும்; அதன்மேல் பட்டி பார்ப்பது புழுதியில் ஸ்டாம்ப் ஒட்டுவதைப் போல.

பூசுவதற்கென்று கல்லை நைஸாக உடைத்துத் தனியாக விற்கும் பி-சாண்டை வாங்குங்கள். காங்கிரீட்டுக்கான எம்-சாண்டைச் சலித்துப் பூசலாம் என்பார்கள். சலித்ததில் கல்மாவு கூடி, பூச்சு முழுக்க வலைபோல விரிசல் விடும். 12 மி.மீ. உட்பூச்சு 1:5 கலவையில் 100 சதுர அடிக்கு முக்கால் முதல் ஒரு மூட்டை சிமென்ட் பிடிக்கும். செங்கல்லைப் பூசும் முன் நனைக்க வேண்டும், பூசியபின் ஏழு நாள் தண்ணீர். பூட்டிய வீட்டில் தண்ணீர் இணைப்பு இருக்காது, நாலாவது மாடிக்கு யாரும் குடத்தில் சுமந்து ஏற்ற மாட்டார்கள். உதிரும் பூச்சுக்கு மணலைவிட இதுதான் பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. ஆகவே கட்டடத்தின் மோட்டாரையும் மேல் தொட்டியையும் முதல்நாளே ஓடவிட்டுவிட்டுத்தான் கொத்தனாரை அழைக்க வேண்டும்.

குழாய், கரண்ட்

பூட்டிய வீட்டில் முதலில் காணாமல் போவது பித்தளைக் குழாய், அடுத்தது செம்புக் கம்பி. பிளாஸ்டிக் குழாய்களில் பிடிஎம்டி என்று விற்பது இங்கே நல்ல தேர்வு: துருவில்லை, உப்புத்தண்ணீருக்குச் சளைக்காது, பழைய இரும்புக் கடையில் விலை போகாது. துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய் (ஜிஐ) காலியாகக் கிடந்தால் உள்ளே காற்றும் ஈரமும் சேர்ந்து துரு அடைத்துவிடும். திறந்து பத்து நிமிடம் ஓடியும் செம்மண் நிறம் போகாவிட்டால் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள். சுவருக்குள் புதைக்காமல் வெளியே கிளிப் போட்டு ஓட்டினால் அழகில்லைதான். ஒழுகும் இடம் கண்ணுக்குத் தெரியும். மூடும் முன் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் கைப்பம்ப் வைத்துச் சோதியுங்கள்.

கழிவுக்குழாயில் குப்பை, கட்டட உடைசல், செத்த எலி எல்லாம் இருக்கும். ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளியை ஒரே மூச்சில் கொட்டி, கீழே கழிவுநீர் சேரும் சேம்பர் தொட்டியில் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், உடைசல் அடைப்பை அது எடுக்காது, டைல்ஸ் இடுக்கைத்தான் தின்னும். மேல் தொட்டியைக் கழுவி, 1000 லிட்டருக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 165 கிராம் கரைத்து ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து, சில மணி நேரம் விட்டு முழுவதும் வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

வயரிங்கில் சிக்கனம் வேண்டாம். எலி கடித்த இடம் சுவருக்குள் தெரியாது. வயரின் உறை கசிகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெகர் கருவி வைத்து அளந்து ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை இழுத்துப்போட்டுப் புதிது இடுங்கள். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. வயர். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். ஈரச்சுவர் வீட்டில் அது இல்லாமல் குழந்தைகளைக் குடிவைக்கக் கூடாது. எர்த் கம்பி திருடுபோயிருக்கிறதா என்று கீழே குழிவரை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பெயின்ட்

ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒருநாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். புதுப் பூச்சு காய நாலு வாரம் பிடிக்கும். அதற்குள் குடும்பம் வந்தாக வேண்டுமென்றால் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்துக் கொடுங்கள். சுவர் மூச்சுவிடும், விலையும் குறைவு. எமல்ஷனை அடுத்த கோடைக்கு வையுங்கள். பட்டி வேண்டுமென்றால் வெள்ளைச் சிமென்ட் பட்டி, அடுப்படியிலும் கழிப்பறை வெளிச்சுவரிலும் அக்ரிலிக் பட்டி வேண்டாம், ஈரத்தில் களியாகிவிடும்.

மேல்தள வீடென்றால் மொட்டைமாடித் தட்டோடுகளின் இடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் கூரைக்கு வெள்ளை அடிக்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு எடுத்து அந்த இடத்தைக் கிரவுட்டால் அடையுங்கள்.

எல்லாம் முடிந்து ஒதுக்கீட்டு ஆணை வரத் தாமதமானால் வீடு மறுபடி பூட்டப்படும். ட்ராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாடைக்கும் கரப்பானுக்கும் தடை. சென்னை வெயிலில் சில வாரங்களில் அது வற்றிவிடும். பூட்டும் முன் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் போய்த் திறந்து, ஜன்னலை அரைநாள் விட்டு, மறுபடி ஊற்றிவிட்டு வரட்டும்.